இமைக்காத முகம்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், மலேசியாவின் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறேன். புரோகிராமிங் படித்தும், நேர்காணல்களில் தோற்றுத் தோற்று, எனக்கு எதுவும் வராது என்றே நம்பியிருந்தேன். அப்போது ஒரு சிங்கப்பூர் கம்பெனி வீடியோவில் அழைத்தது. பேசிய தமிழர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. நான் அனுப்புற ஃபைல ரன் பண்ணுங்க" என்றார்.

நெகிழ்ந்துபோய், "சாப்டாச்சா சார்?" என்றேன்.

முகம் சிரித்தபடியே இருந்தது. இமைக்கவில்லை. "ஃபைல ரன் பண்ணுங்க."

மறுபடி கேட்டேன். அதே சிரிப்பு, அதே குரல். முதுகு சில்லிட, லேப்டாப்பை மூடினேன். அது கணினியில் செய்த போலி முகம், அந்த ஃபைல் என் பாஸ்வர்டுகளைத் திருடுவதற்கானது என்று பிறகு தெரிந்தது.

அடுத்த நேர்காணலிலும் "சாப்டாச்சா?" என்றே முதலில் கேட்டேன். "இன்னும் இல்லம்மா, பசிக்குதுலா" என்று சிரித்தவர், கடினமான கேள்விகளாகவே கேட்டார். முதன்முறையாக எனக்குப் பயம் வரவில்லை.

இப்போது அங்கேதான் வேலை. திரையில் யார் வந்தாலும் சாப்பாட்டைத்தான் முதலில் கேட்கிறேன். பதில் வரும்வரை முதுகு சில்லிட்டுத்தான் இருக்கும்.