எறியக் கூடாத குருசு

பழைய டிவி சூடாகிற வாசம் இன்றைக்குப் புதுக்கடை ஊரில் அடித்தது. அங்கேதான் முன்னே டிவியில் வீடியோ கேம் ஆடுகிற கடை இருந்தது. ரத்தம் குடிக்கிற பேயோட கோட்டைக்குள் போவோம், மெழுகுவர்த்தியைச் சாட்டையால் அடித்தால் ஆயுதம் விழும், சுவரை உடைத்தால் பொரித்த கோழி இருக்கும், அதை யார் வைத்தது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

ஒருநாள் கடைசி உயிரில் என் கூட்டுக்காரி ஜெபாவுக்குக் கிடைத்த ஆயுதம் குருசு, சிலுவைதான். சர்ச் உபதேசியார் மகள், பட்டனை அழுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"குருசை எறியலாமா ஏட்டி? பாவமில்லியா?"

"எறி மக்கா, பேய் கிட்ட வருது!"

கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். திறந்தபோது அது பேயை அடித்துவிட்டுச் சுழன்று திரையில் அவள் ஆளின் கைக்கே வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, திரும்பி வருது!" என்று சிரித்தாள். "அப்ப எத்தனை தடவை வேணும்னாலும் எறியலாம்!"