குப்பைத் தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்து கோணிக்கொண்டு போகும், பாதி சங்கதி மறந்தும் போய்விட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தொட்டி விஷயத்தை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

ரெண்டாயிரம் பிறந்த வருஷம். டெக்ஸாஸில், டாலஸ் பக்கம் மகள் வீட்டில் இருந்தேன். நாங்கள் ஈரோட்டுக்காரர்கள். மகள் தண்ணீர் சம்பந்தமான ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஐரோப்பாவில் எந்தெந்த நாடு தண்ணீரை எப்படிக் காப்பாற்றுகிறது என்று படித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் அந்த வருஷம் பூராவும் அவளுக்கு வேலை. சோறு தின்னும்போதும் அதே பேச்சு.

"அம்மா, ரைன்னு ஒரு ஆறு. சுவிட்சர்லாந்துல பொறந்து, ஜெர்மனி வழியாப் போய், ஹாலந்துல கடல்ல சேருது. மேல இருக்கறவன் கழிவை விட்டா கீழ இருக்கறவன் குடிக்க முடியாதில்ல? அதனால எல்லா நாடும் ஒரே டேபிள்ல உக்காந்து பேசறாங்க. இப்ப எல்லாருக்கும் சேர்த்து ஒரே சட்டம் கொண்டு வரப் போறாங்க."

"அந்த டேபிள் எந்தக் கடையில விக்குதுன்னு கேளு. காவேரிக்கு ஒண்ணு வாங்கிப் போடலாம்" என்பார் மாப்பிள்ளை, ரசத்தைப் பிசைந்துகொண்டே.

இன்னொரு நாள் சொன்னாள், ஜெர்மனியில் சில ஊர்களில் கூரைத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விட்டால் அதற்குக் காசு கட்ட வேண்டுமாம். அதனால் ஜனங்கள் தொட்டி வைத்துப் பிடித்துக்கொள்வார்களாம். அது எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஏனென்றால் அந்தக் கோடையில் டாலஸில் மழையே இல்லை. குறிப்பிட்ட கிழமைகளில்தான் செடிக்குத் தண்ணீர் விடலாம் என்று சிட்டியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலனிக்கு, வீட்டுக்காரர்களே சேர்ந்து ரூல் போடுகிற அசோசியேஷன் என்று ஒன்று உண்டு. வாசல் புல் பழுப்பாகிவிட்டால் அவர்கள் நோட்டீஸ் அனுப்புவார்கள். ஒரு பக்கம் தண்ணீர் விடாதே, இன்னொரு பக்கம் புல்லைப் பச்சையாக வை. விடச் சொன்ன கிழமையில் வந்த தண்ணீரெல்லாம் ஒரு மாடும் மேயாத அந்தப் புல்லுக்கே போயிற்று. பின்பக்கம் நான் போட்ட அவரைக்கொடி வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது அந்தக் கொடி ஒன்றுதான்.

மாப்பிள்ளையிடம் பெரிய பாத்திரமாக ஒன்று கேட்டேன். சக்கரம் வைத்த சாம்பல் நிறத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.

"அத்தை, கடையில இது குப்பைத் தொட்டின்னுதான் விக்கறாங்க. பரவால்லீங்களா?"

"நாம குப்பை போடாத வரைக்கும் அது தொட்டிதானுங்க மாப்பிள்ளை" என்றேன்.

அந்த வீட்டில் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் முன்பக்கம் காரேஜ் ஓரத்தில் மட்டும்தான். பின்பக்கம் கிடையாது. அதனால் தொட்டியை வாசலில் வைத்தோம். அபூர்வமாக ஒரு சாயங்காலம் இடி இடித்து ஊற்றித் தீர்த்தது. தொட்டி வழிய வழிய நிறைந்தது. கொசு இறங்காமல் ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுகிற மாதிரி வாயில் பழைய வேட்டித் துண்டைக் கட்டினேன். தினமும் சொம்பில் மொண்டுபோய் அவரைக்கு ஊற்றினேன். கொடி நிமிர்ந்தது, பூ வைத்தது.

ஆடிப் பதினெட்டு வந்தது. அன்றைக்கு எங்கள் பக்கம் ஆற்றுக்குப் போய்க் கும்பிடுவோம். இங்கே கார் ஓட்டத் தெரியாத நான் எந்த ஆற்றைத் தேடிப் போவது? வானத்திலிருந்து வந்த தண்ணீர்தானே என்று தொட்டியைத் துடைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, ரெண்டு பூ செருகி, எலுமிச்சம்பழச் சாதம் வைத்துச் சூடம் காட்டினேன். கண்ணைத் திறந்தால் எதிர் வீட்டு வெள்ளைக்காரம்மா நாயோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஹாய்" என்றாள். எனக்குக் கூச்சமாகப் போய், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. கூடவே போட்டோ. மஞ்சளும் பூவுமாக என் தொட்டி.

"அம்மா! குப்பைத் தொட்டிக்கா பூஜை பண்ணினே?" மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தண்ணிக்குப் பண்ணினேன்."

"அவங்களுக்கு அது டிராஷ் கேன் மா. குப்பை எடுக்கற நாளைத் தவிர மத்த நாள்ல அது ரோட்டுல இருந்து தெரியக்கூடாது. ரூல். அதுவும் நீ மாலை மரியாதை எல்லாம் பண்ணி…" அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அதுல குப்பை எங்க கண்ணு இருக்குது? வந்து எட்டிப் பார்க்கச் சொல்லு."

இது வேலைக்கு ஆகாது, அசோசியேஷன் மீட்டிங்கில் பேசித்தான் ஆகணும் என்றாள். நானும் போனேன். நீச்சல் குளத்துப் பக்கத்தில் ஒரு ஹால். கடைசி நாற்காலியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மகள் எழுந்து நன்றாகத்தான் பேசினாள். ஜெர்மனி என்றாள், ஹாலந்து என்றாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தலைவர் நல்ல மனுஷர் மாதிரிதான் தெரிந்தார். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன கேக்கறாருங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"அது குப்பைத் தொட்டியா, இல்லையான்னு கேக்கறாரு அத்தை."

குப்பைத் தொட்டியாகச் செய்ததுதான், ஆனால் என்று மகள் ஆரம்பித்தாள். அந்த 'ஆனால்' அங்கே எடுபடவில்லை. எதிர் வீட்டம்மா எழுந்தாள். போட்டுக்கொடுத்தவளே இவள்தான் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"பூ வெச்சு அழகா இருந்துச்சு, இருந்துட்டுப் போகட்டும்னு சொல்றாங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை.

அவள் சொல்லியும் நடக்கவில்லை. தெருவுக்குத் தெரியாமல் பின்பக்க வேலிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார்கள். வேலிக்குப் பின்னால் தண்ணீர் விழாது, ஐயா! அதைச் சொல்ல எனக்கு வாய் எழும்பவில்லை. எழும்பியிருந்தாலும் இங்கிலீஷ் ஏது? பின்பக்கம் குழாய் வைக்கிறோம் என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, வீட்டு வெளிப்புறத்தில் எதை மாற்றினாலும் தனியாக அனுமதி வாங்கணும், அதற்கு வேறு மீட்டிங் என்றார்கள்.

காரில் எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை நாடு ஒரே டேபிள்ல உக்காருதுன்னியே கண்ணு. இந்த நாலு தெருவுக்கு ஒரு தொட்டி வெக்க முடியலையா?"

"அங்க ஆத்துக்கு டேபிள் போட்டிருக்காங்கம்மா. இங்க புல்லுக்குத்தான் டேபிள் போட்டிருக்காங்க" என்றாள்.

மறுநாள் காலையில் தொட்டியை எடுத்தோம். நிறைய இருந்ததால் நகரவில்லை. மகள் ஆபீஸ் உடுப்போடு வாளியில் மொண்டு மொண்டு அவரைக்கு ஊற்றினாள். நேரமாகிவிட்டது என்று மீதியை மாப்பிள்ளை சாய்த்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்பிரிங்ளர் தானாகத் தலை தூக்கிப் புல்லுக்கும் சிமெண்டுத் தரைக்கும் சேர்த்துப் பீச்சியடித்தது. மழைத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து தெருச் சாக்கடைக்குப் போயின. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொட்டி பின்பக்கம் போய் நிஜமாகவே குப்பைத் தொட்டி ஆனது. அவரை பிஞ்சோடு காய்ந்தது.

ஐரோப்பா சமாச்சாரமெல்லாம் நான் சோறு பரிமாறும்போது காதில் விழுந்தது. ஆறு போகிற வழி, நாடுகளின் பேர், ஜெர்மனியில் காசு கட்டுகிற விஷயம், எல்லாம் சரிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். மகளுக்குத் தமிழ் படிக்க நேரமில்லை. அந்த ஒரே சட்டம் வந்ததா, டாலஸ் காலனிகளில் இன்னும் அந்த ரூல்தானா என்பதையும் விசாரித்து இதில் சேர்த்துவிட்டால் நல்லது.