அப்பா குறை சொல்லாத படகு

படகு பார்க்கப் போகும்போதெல்லாம் அப்பா என்னையும் கூட்டிப்போவார். பாசத்தினால்தான் என்று நான் நம்பியிருந்தேன். கையில் ஒரு சின்னப் பெண்பிள்ளை இருந்தால் சோதனைச் சாவடியில் கேள்விகள் குறையும் என்பது பிறகுதான் தெரிந்தது.

சண்டைக்குப் பயந்து, திரியாயில் எங்கள் படகை விட்டுவிட்டு ஓடி வந்த பிறகு அப்பா மற்றவர்களின் படகுகளில் கூலிக்குப் போனார். அம்மா சிரிப்பதையே மறந்திருந்தார். சொந்தமாக ஒரு படகு வேண்டும், ஆனால் அப்பாவுக்கு எந்தப் பழைய படகும் பிடிக்காது. தட்டிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், விற்கிறவர் முகம் வாடும்வரை குறை சொல்லுவார்.

குறிஞ்சாக்கேணியில் ஒரு பெண்ணின் வீட்டு வளவில் அந்த பைபர் படகு கட்டைகளின் மேல் கிடந்தது. அன்று கடலுக்குப் போகத் தடை. மிதக்கவிட்டுப் பார்க்க முடியாததால் அப்பா கிணற்றில் அள்ளி அள்ளிப் படகுக்குள் தண்ணீர் ஊற்றினார். வெளியே எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதில் எனக்குப் பெரிய பெருமை.

"இஞ்ச ஒழுகுது அப்பா. இஞ்சயும் ஒழுகுது."

பின்பக்கம், ஓட்டுகிறவர் இருந்து இயந்திரத்தைப் பிடிக்கும் இடத்தில், புதுப் பெயின்டுக்குக் கீழே வட்ட வட்டமாக ஒட்டுப் போட்டிருந்தது. எல்லாம் பெருவிரல் அளவில், சரிவாக ஒரே வரிசையில். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கண்டுபிடித்த சந்தோசத்தில் நான் படகுக்குள் ஏறி அந்த இடத்திலேயே தண்ணீரில் குந்திக்கொண்டேன். அதுவரை வாசலை விட்டு வராத பெண் விறுவிறுவென்று இறங்கி வந்தார்.

"புள்ள, அதில இரிக்காதீங்க. இங்கால வாங்க."

அப்பா ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். "உங்கட வீட்டுக்காரர் தனியவோ போனவர்?" என்று கேட்டார்.

"ஓம். பொறகு போட்டை மட்டும் இழுத்துவந்து தந்தாங்க."

அப்பா குறை சொல்லத் தொடங்குவார் என்று காத்திருந்தேன். "நான் எடுக்கிறன் தங்கச்சி" என்றார்.

வழியெல்லாம் எனக்குக் கோபம். "ஒழுகிற போட்டை ஏன் எடுத்தனீங்கள்?"

"போட்டில பிழை இல்லை மகள். திருப்பி ஒட்டினால் சரி."

செய்தி கேட்டு அன்று மாலை அம்மா சிரித்தார். நானோ, படகில் பிழை இல்லையென்றால் ஓட்டியவரில்தான் பிழை என்று முடிவு கட்டினேன். கவனமில்லாமல் எங்கோ பாறையில் மோதியிருக்கிறார், பாவம் அந்தப் பெண். கடலில் கடற்படை சுடும்போது எந்தக் கவனமும் உதவாது என்பதும், இனி அப்பா இருக்கப்போவதும் அதே இடத்தில்தான் என்பதும் எனக்கு விளங்கவில்லை.