மூன்று கட்டையில் ஒரு சரணம்

எழுபத்தொன்பது, மே மாதம் என்று நினைவு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மதியமானால் முதலாளியிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு, கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் பங்குக் கோயிலுக்குச் சைக்கிளை மிதித்துவிடுவேன். பாடகர் குழுவில் கிதார் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எனக்குக் கொஞ்சம், கொஞ்சமென்ன, நிறையவே திமிர் உண்டு.

குழுவின் முதல் குரல் ஓர் அக்கா. பள்ளிக்கூடத்தில் டீச்சர். நற்கருணை நேரத்தில் அவர் பாடும் ஒரு பாட்டுக்காகவே தூரத்திலிருந்தெல்லாம் பூசைக்கு வருவார்கள். மூன்று கட்டைச் சுருதியில், அதாவது கிதாரில் ஈ கார்டில், எடுப்பார். சரணத்தில் அங்கிருந்து இன்னும் மேலே போவார். முந்தைய கிறிஸ்துமஸுக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து எட்டே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்கு ஒரே பெண். மகள் இருந்தபோது ஒத்திகை கேட்க வரும் அந்த அம்மா, போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் வந்து, தூணோரப் பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பாட்டை மட்டும் நாங்கள் தொடவே இல்லை.

திருவிழா வந்தது. அந்தப் பாட்டு இல்லாமல் எப்படி என்றார் பங்குத் தந்தை. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு நல்ல குரல்தான், ஆனால் மூன்று கட்டை எட்டாது. முயன்றால் இருமல் வந்துவிடும். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று அக்காவின் பாட்டு நோட்டை வாங்கினேன். ஈ இருந்த இடத்தில் சி, ஏ-க்கு எஃப், பி செவனுக்கு ஜி செவன் என்று நான்கு அரைப்படி இறக்கி, அவர் மையால் எழுதியிருந்த கார்டுகளுக்கு மேலேயே பென்சிலால் எழுதினேன். பாட்டு ஒரு கட்டைக்கு வந்துவிட்டது. பெரிய மேதாவி என்று நினைப்பு எனக்கு.

கோயிலுக்குள்ளேயே இருக்கும் பாடகர் மாடியில் மூன்று மணிக்கு ஒத்திகை. நல்ல வெயில். பல்லவி ஒரு கட்டையில் அழகாகப் போனது. இடையில் நான் கொஞ்சம் வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். சரணத்தை எடுத்தார்கள் பாருங்கள், என் கிதாரோடு ஒட்டவே இல்லை. நரம்பு இறங்கிவிட்டதோ என்று நிறுத்திப் பார்த்தேன். கிதார் சரியாக இருந்தது. அவர்கள்தான் மூன்று கட்டையில் நின்றார்கள்.

திட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் சரணத்தில் மூன்று கட்டை. அந்தப் பெண் இருமவுமில்லை, கழுத்து நரம்பு புடைக்கவுமில்லை. சாதாரணமாகப் பாடினாள்.

"ஏன் ஏத்தறே?" என்று கத்தினேன்.

"நா ஏத்தலீங்கண்ணா. பக்கத்துல ஆரோ எடுத்துக் குடுத்தாங்க. நானும் கூடவே போயிட்டனுங்க" என்றாள். முகம் வெளுத்துக் கிடந்தது. அவள் பக்கத்தில் யாருமில்லை. ஜன்னல்தான் இருந்தது. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கீழே தூணோரப் பெஞ்சில் இருந்த அந்த அம்மா முணுமுணுத்திருப்பார், அதைப் பிடித்துக்கொண்டு இவர்கள் போயிருப்பார்கள் என்று தோன்றியது. படியிறங்கிப் போய்க் கேட்டேன்: "அம்மா, நீங்க கூடப் பாடுனீங்களா?"

"எனக்குப் பாட்டு வருமாங்க சாமி? ரெண்டு தடவயும் புள்ளதானுங்களே பாடுனா" என்றார், ஏதோ எனக்கும் தெரிந்த விஷயம்போல. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ கொரலக் கேட்டு ஆறு மாசமாச்சு. இன்னொருக்கா வாசிங்க சாமி."

கையை விடுவித்துக்கொண்டு படியேறினேன். மேலே போய் ஈ கார்டைப் பிடித்திருந்தால் போதும். என் விரலுக்கு அது மனப்பாடம். ஆனால் பயம் விடவில்லை. "ஒருத்தரும் என் கிதாரை விட்டு நகரக் கூடாது" என்று அதட்டி, சி கார்டை ஓங்கி ஓங்கி அடித்தேன். சரணம் வரும்போது நானே தொண்டை கிழிய ஒரு கட்டையில் எடுத்துக்கொடுத்தேன். எல்லோரும் என் பின்னால் வந்தார்கள். சுத்தமாக வந்தது. வேறு ஒரு குரலும் வரவில்லை.

அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கடைசி வரைக்கும் காத்திருந்தார். பாட்டு முடிந்தது. எழுந்து சிலுவை போட்டுக்கொண்டு, குடையை எடுத்தார். வாசலருகே நின்று அண்ணாந்து, "வாரேன் சாமி" என்றார். அவர் பார்த்தது என்னை அல்ல. ஜன்னலோரம், அக்கா எப்போதும் நிற்கும் இடத்தை.

திருவிழாவில் பாட்டு நன்றாக அமைந்தது. பங்குத் தந்தை முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை தூணோரப் பெஞ்சு காலியாக இருந்தது. அந்த அம்மா வாழப்பாடிப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வருடத்தில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பென்சிலில் எழுதியதை அழித்துவிட்டேன். தனியாக இருக்கும்போது அந்தச் சரணத்தை மூன்று கட்டையிலேயே வாசித்து, பாடாமல் காத்திருப்பேன். இதுவரை யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அன்று வந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் பெற்றவள் கையைப் பிடித்துக் கேட்ட ஒரே ஒரு சரணத்தை, நடுங்கிக்கொண்டாவது வாசித்திருக்கலாமே என்ற நினைப்பு இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.