புதுச் சட்டையில் தூசி

சேலத்து ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் பிரிவின் வாசலில் அவரைப் பார்த்தேன். என் மகளின் குழந்தையும் உள்ளே இருந்தது. அவர் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் பாறையைத் துளைத்துப் போர்வெல் போடுபவர். ஒல்லியான உடம்பு, சிவந்த கண்கள். உட்காரவே மாட்டார். கதவு திறக்கும்போதெல்லாம் சட்டையைத் தட்டி உதறுவார்.

ஆறாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட அவருடைய மகளுக்கு நுரையீரல் நோய் வருமா என்று முன்கூட்டியே அறிய, ரத்தத்தில் சில புரதங்களைச் சோதித்திருந்தார்கள். அந்த முடிவுக்குத்தான் காத்திருந்தார்.

“அந்த ரத்தத்துல கல்லுத்தூசி தெரியுமாங்க? நாந்தான தெனமும் ஊட்டுக்குக் கொண்டுபோனேன்.”

“தூசியால இல்லீங்க, சீக்கிரம் பொறந்ததாலதான்” என்றேன்.

“டாக்டரம்மாவும் அதத்தாஞ் சொன்னாங்க” என்றவர் மறுபடியும் உதறினார்.

நர்ஸ் வெளியே வந்தார். “அந்தப் புரதத்தோட அளவு கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்குதுங்க. இனி மூச்ச இன்னும் கவனமாப் பாப்பாங்க. நீங்க சட்டையக் கழட்டிட்டு வாங்க, பாப்பாவ நெஞ்சுல போட்டுக்கலாம்.”

“நானுங்களா?”

தயங்கித் தயங்கிக் கழற்றி என்னிடம் நீட்டினார். “இத உள்ள மட்டும் கொண்டு வந்தராதீங்க, சாமி.”

கடையில் மடித்த மடிப்பு இன்னும் தெரிந்த புதுச் சட்டை. ஒரு தூசியும் இல்லை. ஆனாலும் கதவு மூடியதும் நானும் அதை ஒருமுறை உதறினேன்.