கடலுக்கு ஒருத்தன், வண்டிக்கு ஒருத்தன்

எத்தனை முறை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாத வாசனை அது... பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலந்து எரிந்த புகை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் மூக்கைப் பொத்திக்கொள்வார். எனக்கும் மோசஸுக்கும் அதிலேயே ஒரு பெருமை.

மறைமலைநகரில் இருவருக்கும் ஒரே லைனில் வேலை. சேர்ந்து வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி அது. ஒற்றை சிலிண்டர், இரட்டை சைலன்சர். கியர் லிவரை உள்ளே தள்ளி மேலே தூக்கினால் அதுவே கிக்கர். நம்ம பழைய செட் ஆட்களில் பாதிப் பேர் அதோடு மல்லுக்கட்டியவர்கள்தான்.

ஒரே வியாதி... சூடான பிறகு ஆஃப் செய்தால், ஆறுகிற வரை கிளம்பாது. ஐடிலிலும் நிற்காது. ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

லீவு நாளில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போவோம். மணல் தொடங்கும் இடத்தில் ஒருவன் வண்டிமேல் உட்கார்ந்து முறுக்குவான். மற்றவன் ஓடிப்போய்க் காலை நனைத்துவிட்டு வருவான்.

"சீக்கிரம் வா மச்சான், கை வலிக்குது," என்று கத்துவான் மோசஸ்.

அத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒருமுறைகூடக் கடலில் நின்றதில்லை. எனக்கு அது பெரிய குறை.

இப்போது அதே பெயரில், அதே டேங்க் வளைவோடு புது வண்டி மறுபடி மார்க்கெட்டுக்கு வந்திருக்கிறது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கிக் அடிக்க முடியாத மோசஸ், செல்ஃப் இருக்கிறதென்று வாங்கிவிட்டான். டிஸ்க் பிரேக், குலுக்கலே இல்லை. சத்தம் மட்டும் தொண்டையைச் செருமுவதோடு சரி.

போன ஞாயிறு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். சிக்னலில் வண்டி சாதுவாக நிற்கிறது, இவன் முறுக்கிக்கொண்டே இருக்கிறான். பக்கத்து ஆட்டோக்காரர் முறைத்தார்.

"இன்னாத்துக்குடா முறுக்குற? ஐடில்ல அதுவே நிக்கும்," என்றேன்.

"தெரியும் மச்சான். கை கேக்க மாட்டேங்குது."

மாமல்லபுரத்தில் சாவியைத் திருப்பி ஆஃப் செய்தான். பேன்ட்டை மடித்துவிட்டு இருவரும் சேர்ந்தே தண்ணீரில் இறங்கினோம். இதற்குத்தானே இத்தனை வருஷம் ஆசைப்பட்டேன்...

இருவருக்கும் நிலைகொள்ளவில்லை. பின்னால் அந்தச் சத்தம் இல்லை. அவன் திரும்பிப் பார்த்தான், நானும் பார்த்தேன். வண்டி ஸ்டாண்டில் பேசாமல் நின்றது.

"நீ நில்லு மச்சான். நான் வண்டியாண்ட போறேன்."

"டேய், ஆஃப்லதான்டா கீது."

"அதான் பேஜாரா கீது."

முட்டியைப் பிடித்தபடி மணலில் ஏறிப்போய் வண்டிமேல் உட்கார்ந்துகொண்டான். இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அவனுக்குக் கை வலிக்காது.

நான் கரையைப் பார்த்தபடியே நின்றேன்... எப்போது கூப்பிடுவான் என்று.