நான் அச்சுக்கூடத்தின் வாய்

அச்சுக்கூடத்தில் பிழை பார்ப்பது இரண்டு பேர் வேலை: ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சடித்த தாளில் அதைச் சரிபார்த்துக்கொண்டே வருவார். எங்கள் ஒக்கலிபுரம் அச்சுக்கூடத்தில் ஆரோக்கியசாமி சார் கண், நான் வாய். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டைவிட்டதும் அப்பா என்னை இங்கே கொண்டுவந்து தள்ளினார். ஐந்து நிமிஷம் ஒரு இடத்தில் தரிக்காத என் இனத்தவரே, இதைவிடக் கொடுமை உண்டா? ஜன்னலுக்கு வெளியே ரயில் பாதை வேறு!

மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்

ஒரு கல்யாணப் பத்திரிகை. "எனது குமாரத்தி சௌபாக்கியவதி" வரை ஒழுங்காகத்தான் படித்தேன். சென்னை மெயில் ஊதியது. ஜன்னலுக்கு ஓடி, பெட்டிகளை எண்ணிவிட்டு, திரும்பி வந்து ஒரு வரி தள்ளி ஆரம்பித்தேன். எழுத்துக் கோக்கும் முனிசாமி அண்ணனும் அதே வரியைத்தான் விட்டிருந்தார். நான் படித்திருந்தால் சார் பிடித்திருப்பார்.

அச்சாகிப் போன பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் அப்பா வந்தார். முதலாளி நஞ்சப்பா, இன்னொரு வரி விட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார். வீடு என்றால் வீடில்லை. ஓசூரில் பெரியப்பாவின் அரிசி மண்டி. அங்கே காலை முதல் இருட்டும்வரை மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பெண்ணின் அப்பா மட்டும் சாந்தமாகக் கேட்டார்: "ஏன் தம்பி, எம்பொண்ணு தனியாவா மணையில உட்காரப் போறா?"

கால்கட்டு

மறுநாள் முதலாளி தாமே வைத்தியத்தில் இறங்கினார். கோத்த எழுத்துக்கள் கலையாமல் பக்கத்தைச் சுற்றிக் கட்டும் நூல் இருக்கிறதே, அதை நாலாக முறுக்கி என் காலை மேஜைக் காலோடு கட்டி, "சும்னே கூத்கோ!" என்றார் கன்னடத்தில்.

நானும் சும்மாதான் உட்கார்ந்தேன். ரயில் சும்மா போகவில்லையே! நான் எழுந்தேன், மேஜையும் என்னோடு புறப்பட்டது. மேலே முனிசாமி அண்ணன் கோத்து வைத்திருந்த இரண்டு பக்கங்களும் ஈய மழையாகத் தரையில் கொட்டின. சாயந்திரம்வரை இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினோம். அண்ணன் தலை நிமிராமலே சொன்னார்: "படிக்கிறது வாயி, கட்டினது கால. நல்லா இருக்கு முதலாளி உங்க வைத்தியம்."

சங்கத்து அறிக்கை

அடுத்து வந்தது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை. இரண்டாம் வரியிலேயே கண் ஜன்னலுக்குப் போயிற்று. மூட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. பயத்தில் சட்டென்று குரலை மாற்றினேன். தலைவர் உரை, எங்கள் தெரு மீன்காரம்மா குரலில். தீர்மானங்கள், மூக்கடைத்த கணக்கு வாத்தியார் குரலில். அடுத்தவர் குரலில் பேசும்போது ஒரு எழுத்தைக்கூடத் தாண்ட மனசு வரவில்லை. யாருக்கு எந்தக் குரல் என்று யோசிப்பதிலேயே மெயில் போய்விட்டது!

அண்ணன் விட்ட வரிகள் இரண்டு அகப்பட்டன. எப்போதும் காலை ஆட்டிக்கொண்டு, கூர்மையான பென்சிலையே மறுபடி சீவிக்கொண்டிருக்கும் ஆரோக்கியசாமி சார், அன்று பென்சிலைத் தொடவில்லை. "எனக்கும் இதே வியாதிதான்டா," என்றார் மெதுவாக. "நீ வண்டி பாக்க ஓடினியே, அன்னிக்கு நான் மட்டும் பத்திரிகையவா பாத்துக்கிட்டு இருந்தேன்?"

பின்னால் நின்றவர்

பொருளாளர் அறிக்கைக்கு நஞ்சப்பா குரலைப் போட்டேன். தொண்டையைக் கனைத்து, வரிக்கு வரி, புரிந்ததா என்பதை அவர் கன்னடத்திலேயே "கொத்தாய்த்தா?" என்று அதட்டி, அமர்க்களமாகப் போய்க்கொண்டிருந்தது. சார் திடீரென்று எழுந்து நின்றார். திரும்பினால், முதலாளி.

அரிசி வாசனையே வந்துவிட்டது எனக்கு. சார் திருத்திய தாளை நீட்டினார். முதலாளி கையெழுத்துப் பிரதியோடு வைத்து வரி வரியாகப் பார்த்தார். ஒன்றும் விடுபடவில்லை. மீசை லேசாகத் துடித்தது. "என் குரல்ல படிக்கிறப்போ ஒரு வரி விட்டாலும் பாரு, தோலை உரிச்சிடுவேன். என் மரியாதை என்ன ஆகிறது?"

நானாக இருந்தால் ஐந்து நிமிஷம் உட்கார முடியாத நான், ஊரார் அத்தனை பேராகவும் மாறி மாறி இப்போது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.